பெட்டியில் எழுதிய வாட்டும் ஆன்டனாவுக்குப் போகும் வாட்டும்

கோயில் திருவிழாவுக்குத் தொண்டூழியர் அணி தயாராகும்போது வாக்கி டாக்கி பற்றி ஒரு பேச்சு வரும். "அண்ணே, இந்த செட் எத்தனை வாட்?" "பத்து வாட் தம்பி, பெட்டியிலேயே போட்டிருக்கே, பாரு." பேச்சு அதோடு முடிந்துவிடும். அந்தப் பத்தை யார் அளந்தது, எந்த இடத்தில் அளந்தது, எப்படி அளந்தது என்று யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். தைப்பூசத்தன்று பத்துமலையில் 272 படிகளிலும் கூட்டம் நெருக்கியடிக்கும்போது கைத்தொலைபேசிக் கோபுரங்கள் திணறுகின்றன. நம் ஊர் ரத ஊர்வலத்திலும் முன்னால் போகிறவருக்கும் கடைசியில் வருகிறவருக்கும் நடுவே நீண்ட தூரம் இருக்கும். ஒரு பாட்டி மயங்கி விழுந்துவிட்டார், ஒரு குழந்தையைக் காணோம் என்றால், அந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும். அப்போது உதவுவது பெட்டியில் அச்சடித்த எண் இல்லை, உண்மையிலேயே வெளியே போகிற சக்திதான்.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமியை நினைத்துப் பாருங்கள். அந்தமானில் போர்ட் பிளேரில் தொலைபேசிகள் செயலிழந்தபோது, அமெச்சூர் வானொலி ஒலிபரப்புக்காக அங்கே போயிருந்த பாரதி பிரசாத் தன் நிலையத்தின் வழியாகத்தான் இந்தியப் பெருநிலத்துக்குச் செய்திகளை அனுப்பினார். அவருடைய அழைப்புக்குறி வியு4ஆர்பிஐ. நிலையம் ஏற்கெனவே அமைக்கப்பட்டு இயங்கிக்கொண்டிருந்ததால்தான் அது முடிந்தது. ஆபத்து வந்த பிறகு செட்டைச் சோதிக்க யாருக்கும் நேரம் இருக்காது. முன்கூட்டியே அளந்து வைத்திருக்க வேண்டும்.

இந்த மாதப் பாடத்தில், நம் கையில் இருக்கும் செட் எத்தனை வாட் கொடுக்கிறது என்று நாமே அளப்பது எப்படி என்று பார்ப்போம்.

1. சட்டம் சொல்லும் எண்கள்

மலேசியாவில் சிட்டிசன் பேண்ட் வானொலிக்குத் தனி உரிமம் வேண்டாம். தொடர்பு, பல்லூடக ஆணையம் வெளியிடும் பொது அனுமதியின் கீழ் அது வருகிறது. ஆனால் அந்த அனுமதிக்கு வரம்பு உண்டு.

27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 40 சேனல்கள். ஏஎம், எஃப்எம் முறைகளில் 4 வாட் வரை. எஸ்எஸ்பி முறையில் உச்ச அளவாக 12 வாட் வரை.

477 மெகாஹெர்ட்ஸில், 477.0125 முதல் 477.4875 வரை 39 சேனல்கள். எஃப்எம் மட்டும், 5 வாட் வரை.

இரண்டிலும் சேனல் 9 அவசரத்துக்கு, சேனல் 11 அழைப்பதற்கு.

அதற்கு மேலே 477.5250 முதல் 477.9875 வரை பொழுதுபோக்குக்கான 38 சேனல்கள் இருக்கின்றன. அங்கே அரை வாட்தான்.

அமெச்சூர் வானொலி வேறு. அதற்குத் தேர்வு எழுதி, சான்றிதழும் 9எம்2 அல்லது 9டபிள்யூ2 என்று தொடங்கும் அழைப்புக்குறியும் வாங்க வேண்டும். ஆகவே 10 வாட் என்று எழுதிய செட்டை 477-இல் நாம் பயன்படுத்தினால் இரண்டில் ஒன்று நிச்சயம்: அது உண்மையானால் சட்டத்தை மீறுகிறோம், பொய்யானால் காசை இழக்கிறோம். எது என்று அளந்தால்தான் தெரியும்.

2. எந்த வாட்?

ஒரே செட்டுக்கு மூன்று வேறு எண்களைச் சொல்லலாம், மூன்றுமே பொய் இல்லை. இதைப் புரிந்துகொண்டால் விற்பனை விளம்பரத்தில் பாதி தெளிந்துவிடும்.

27 மெகாஹெர்ட்ஸ் ஏஎம் செட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பேசாமல் பொத்தானை மட்டும் அழுத்தினால் 4 வாட் சுமப்பலை போகிறது. முழு அளவுக்குக் குரலைச் சேர்த்தால், அலையின் உயரம் இரண்டு மடங்காகும் கணத்தில் சக்தி நான்கு மடங்காகி 16 வாட்டைத் தொடும். இது உச்ச சக்தி. சீரான ஒரு விசில் ஒலியால் முழுமையாக நிரப்பினால் சராசரி 6 வாட். 4, 6, 16 மூன்றும் ஒரே செட். சட்டம் கேட்பது முதல் எண். விளம்பரம் சொல்ல விரும்புவது மூன்றாவது எண்.

எஃப்எம் முறையில் இந்தக் குழப்பம் இல்லை. பேசினாலும் பேசாவிட்டாலும் அலையின் உயரம் மாறாது. பொத்தானை அழுத்தினால் மீட்டர் காட்டுவதுதான் கணக்கு. 477 செட்டுகளை அளப்பது இதனால்தான் சுலபம்.

எஸ்எஸ்பி முறையில் நேர்மாறு. பேசாவிட்டால் ஏறக்குறைய எதுவும் போகாது. பேசும்போது முள் ஆடிக்கொண்டே இருக்கும். சாதாரண மீட்டர் சராசரியைத்தான் காட்டும், அது உச்சத்தைவிட நிறையவே குறைவாக இருக்கும். உச்சத்தைப் பிடித்து வைக்கும் வசதியுள்ள மீட்டர்தான் இதற்குச் சரி. "மீட்டர் 3 வாட்தான் காட்டுது, செட் கெட்டுப்போச்சு" என்று பதறி, உள்ளே திருகாணியைத் திருப்புகிறவர்கள் உண்டு. அவசரப்பட வேண்டாம், முதலில் மீட்டர் எந்த வகை என்று பாருங்கள்.

3. டம்மி லோட்

சக்தியை அளக்கும்போது செட்டை ஆன்டனாவில் மாட்டக் கூடாது. ஆன்டனாவின் தன்மை இடத்துக்கு இடம் மாறும். கூரை, சுவர், பக்கத்தில் நிற்கிற ஆள் எல்லாமே அதைப் பாதிக்கும். தவிர, சோதனைக்காகக் காற்றில் அலை விடுவது மற்றவர்களுக்குத் தொந்தரவு. ஆன்டனா இல்லாமல் வெறுமனே பொத்தானை அழுத்துவது இன்னும் மோசம், வெளியீட்டு டிரான்சிஸ்டர் கருகிப் போகலாம்.

ஆகவே ஆன்டனாவுக்குப் பதிலாக 50 ஓம் மின்தடை ஒன்றை மாட்டுகிறோம். செட் கொடுக்கும் சக்தி முழுவதும் அதில் வெப்பமாகிவிடும். இதுதான் டம்மி லோட்.

27 மெகாஹெர்ட்ஸுக்கு இதை நாமே செய்யலாம். 1000 ஓம் ரெசிஸ்டர்கள் 20 எடுத்துப் பக்க இணைப்பில் சேர்த்தால் 50 ஓம். ஒவ்வொன்றும் 2 வாட் தாங்கும் வகை என்றால் மொத்தம் 40 வாட் தாங்கும். கம்பி சுற்றிய ரெசிஸ்டர் மட்டும் வேண்டாம், அது சுருள் மாதிரி நடந்துகொண்டு அளவைக் கெடுத்துவிடும்.

477-க்குக் கைச்செய்பொருள் ஒத்துவராது. காரணம் பாருங்க: கனெக்டரிலிருந்து ரெசிஸ்டர் வரைக்கும் வெறும் 2 சென்டிமீட்டர் கம்பி இருந்தாலே அதற்கு ஏறக்குறைய 20 நானோஹென்ரி தூண்டம் உண்டு. 27 மெகாஹெர்ட்ஸில் அது 3 ஓம் சொச்சம் எதிர்ப்பு, பரவாயில்லை. 477 மெகாஹெர்ட்ஸில் அதே துண்டுக் கம்பி 60 ஓம். நாம் வைத்த 50 ஓமைவிட அதிகம்! அதனால் யுஎச்எஃப் அளவுக்குத் தயாரித்த டம்மி லோட்டையே வாங்குங்கள்.

4. மல்டிமீட்டரால் வாட் அளப்பது

வாட் மீட்டர் இல்லாவிட்டாலும் 27 மெகாஹெர்ட்ஸ் செட்டை அளக்க வழி இருக்கிறது. டம்மி லோட்டின் மேல்முனையிலிருந்து 1என்4148 டையோடு ஒன்று, அதன் மறுமுனையிலிருந்து தரைக்கு 0.01 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. கெப்பாசிட்டரின் இரு முனைகளில் டிஜிட்டல் மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். அலையின் உச்ச வோல்ட் அதில் தங்கும். டையோடு தனக்காக ஏறக்குறைய 0.6 வோல்ட் எடுத்துக்கொள்வதால் அதைத் திரும்பக் கூட்ட வேண்டும்.

கணக்கு எளிது. உச்ச வோல்ட்டை அதே எண்ணால் பெருக்கி, 100-ஆல் வகுத்தால் வாட். 50 ஓமின் இரண்டு மடங்குதான் அந்த 100.

மல்டிமீட்டர் 19.4 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 0.6 கூட்டினால் 20. இருபது இருபது 400, நூறால் வகுத்தால் 4 வாட். சட்டம் சொன்ன அதே எண். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஆசிலோஸ்கோப் கிடைக்கிறவர்கள் இதையே நேரில் பார்க்கலாம்: 50 ஓமில் 4 வாட் என்றால் அலையின் அடி முதல் முடி வரை 40 வோல்ட். ஒன்று நினைவில் இருக்கட்டும், இந்த முறை சீரான சுமப்பலைக்கு மட்டும்தான். ஏஎம் செட் என்றால் பேசாமல் அளக்க வேண்டும்.

5. வாட் மீட்டரை நம்புவதற்கு முன்

477 செட்டுக்கு மீட்டர் வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள்.

முதலாவது, அலைவரிசை. 27 மெகாஹெர்ட்ஸுக்கென்று விற்கும் மலிவு மீட்டரை 477-இல் மாட்டினால் முள் அசையும், ஆனால் அது காட்டும் எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

இரண்டாவது, முழு அளவு. தொழில்முறையாளர்கள் பல காலமாக நம்பும் பேர்ட் 43 மீட்டரின் துல்லியம்கூட முழு அளவில் 5 சதவீதம் என்றுதான் சொல்லப்படுகிறது. 50 வாட் முழு அளவு என்றால் எந்த இடத்திலும் இரண்டரை வாட் கூடக்குறைய இருக்கலாம். அதில் 5 வாட் செட்டை அளந்தால் உண்மை 2.5 ஆகவும் இருக்கலாம், 7.5 ஆகவும் இருக்கலாம். 5 வாட் முழு அளவுள்ள பகுதியை மாட்டினால் பிழை கால் வாட்டுக்குள் அடங்கும். அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் நகையை நிறுப்பார்களா?

மூன்றாவது, இணைப்பு. செட்டுக்கும் மீட்டருக்கும் நடுவே உள்ள கேபிள் முடிந்த அளவு குட்டையாக இருக்கட்டும்.

பிறகு அளக்கும் வரிசை: செட், குட்டைக் கேபிள், மீட்டர், டம்மி லோட். பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆகியிருக்க வேண்டும். பத்து விநாடி அழுத்தி, எண்ணைக் குறித்து, விட்டுவிடுங்கள். குறைந்த சக்தி, கூடிய சக்தி இரண்டையும் அளங்கள். பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கிய பிறகு இன்னொரு முறை அளங்கள். ஊர்வலத்தின் கடைசி மணி நேரத்தில் உங்களிடம் இருக்கப்போவது அந்த இரண்டாவது எண்தான்.

6. மீட்டர் இல்லாமலே ஒரு சோதனை

வரவுக்கு மேல் செலவு செய்ய முடியாது. இது வீட்டுக்கும் பொருந்தும், வானொலிக்கும் பொருந்தும்.

கைச்செட்டின் பேட்டரி 7.4 வோல்ட் என்று வைப்போம். டம்மி லோட்டை மாட்டி, பொத்தானை அழுத்தும்போது பேட்டரியிலிருந்து 1.5 ஆம்பியர் போகிறது. பெருக்கினால் உள்ளே போவது 11.1 வாட். இதில் பாதி அளவு வானொலி அலையாக வெளியே வந்தாலே நல்ல செட், மீதி வெப்பம். அதனால்தான் பேசப் பேசச் செட் சூடாகிறது. அந்தச் செட் ஐந்தரை வாட் கொடுத்தால் நம்பலாம். 10 வாட் கொடுக்கிறது என்று சொன்னால், 11 ரிங்கிட் சம்பளத்தில் 10 ரிங்கிட் சேமித்தேன் என்று சொல்வது போலத்தான்.

7. கேபிள் விழுங்கும் கணக்கு

கோயில் மண்டபத்திலோ பணிமனைக் கூடாரத்திலோ ஒரு செட்டை நிலையமாக வைத்து, கேபிள் இழுத்து, ஆன்டனாவை உயரத்தில் கட்டும்போது அடுத்த இழப்பு தொடங்குகிறது. செட்டின் வாயில் 5 வாட் அளந்தோம், சரி. ஆன்டனாவுக்கு எவ்வளவு போகிறது?

எல்லாக் கடையிலும் கிடைக்கும் மெல்லிய கேபிள் ஆர்ஜி-58. 27 மெகாஹெர்ட்ஸில் 10 மீட்டர் போட்டால் ஏழில் ஒரு பங்கு அளவுக்குத்தான் போகும். 477-இல் அதே 10 மீட்டர் ஏறக்குறைய 3 டெசிபலை, அதாவது பாதியை விழுங்கிவிடும். 5 வாட்டில் 2.5 வாட் கேபிளிலேயே வெப்பமாகிறது. எல்எம்ஆர்-400 போன்ற தடித்த கேபிளில் அதே நீளத்துக்கு 1 டெசிபலுக்கும் சற்றுக் குறைவு. ஆன்டனாவுக்கு 4 வாட் போய்ச் சேரும்.

அளப்பது எப்படி? மீட்டரையும் டம்மி லோட்டையும் கேபிளின் மறுமுனைக்கு எடுத்துப்போய் மாட்டி அளங்கள். இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் கேபிளின் கொள்ளை.

இங்கேதான் எஸ்.டபிள்யூ.ஆர். ஏமாற்றும். ஆன்டனா பொருத்தமாக இல்லாவிட்டால் சக்தியில் ஒரு பங்கு திரும்பி வரும். முன்போவது 5 வாட், திரும்புவது 0.2 வாட் என்றால்: 0.2-ஐ 5-ஆல் வகுத்தால் 0.04, அதன் வர்க்கமூலம் 0.2. 1.2-ஐ 0.8-ஆல் வகுத்தால் எஸ்.டபிள்யூ.ஆர். 1.5. நல்ல எண்.

இப்போது 20 மீட்டர் ஆர்ஜி-58 போட்டு, மேலே ஆன்டனா அறுந்து விழுந்துவிட்டது என்று வையுங்கள். 477-இல் கீழிருந்து போன 5 வாட், 6 டெசிபல் இழந்து மேலே 1.25 வாட்டாகப் போய்ச் சேர்கிறது. ஆன்டனா இல்லை, முழுவதும் திரும்புகிறது. வரும் வழியில் இன்னொரு 6 டெசிபல் இழந்து கீழே வந்து சேருவது 0.31 வாட். மீட்டர் கணக்குப் போட்டுக் காட்டுவது எஸ்.டபிள்யூ.ஆர். ஏறக்குறைய 1.7. "பரவாயில்லையே, ஆன்டனா ஓகே" என்று நாம் நம்புவோம். ஆன்டனாவே இல்லை! கெட்ட கேபிள் கெட்ட ஆன்டனாவை மறைத்துவிடும். ஆகவே எஸ்.டபிள்யூ.ஆர். எண்ணை முடிந்தால் ஆன்டனாவின் அடியிலேயே அளக்க வேண்டும்.

8. பூஸ்டர் வாங்கலாமா?

தூரம் போதவில்லை என்றதும் பலருக்குத் தோன்றுவது பூஸ்டர். இதற்கு மூன்று பதில்.

ஒன்று, கணக்கு. சக்தியை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது 3 டெசிபல். கேட்பவரின் சிக்னல் மீட்டரில் ஒரு எஸ் புள்ளிக்கு 6 டெசிபல் வேண்டும். அதாவது 4 வாட்டை 16 வாட்டாக்கினால்தான் அந்தப் பக்கம் ஒரே ஒரு புள்ளி ஏறும். மேலும் பூஸ்டர் நம் குரலைத்தான் பெரிதாக்கும், நம் காதைப் பெரிதாக்காது. நல்ல கேபிளும் உயரமான ஆன்டனாவும் இரண்டுக்கும் உதவும்.

இரண்டு, நிலம். பாரோயில் இருக்கிற நமக்கு இது கண்ணெதிரே தெரியும். கிழக்கே கோல பிலா சாலையில் போனால் புக்கிட் புத்துஸ், உலு பெண்டுல், பக்கத்திலேயே 825 மீட்டர் உயரத்தில் அங்சி மலை. 477 மெகாஹெர்ட்ஸ் அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போவது. மலைக்கு அந்தப் பக்கம் கோல பிலாவில் இருக்கிறவரை அடைய 5 வாட்டுக்குப் பதில் 50 வாட் போட்டாலும் மலை நகர்ந்து வழி விடாது. சமவெளியில்கூட உயரம்தான் முக்கியம். அடிவான தூரத்தைக் கிலோமீட்டரில் கண்டுபிடிக்க, ஆன்டனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து வர்க்கமூலம் கண்டு 4.1-ஆல் பெருக்குங்கள். கையில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் பிடித்தால் 5 கிலோமீட்டர். 9 மீட்டர் கம்பத்தில் கட்டினால் 12 கிலோமீட்டர். நடுவே செம்பனை மரமும் தாமான் வீடுகளும் இருந்தால் இன்னும் குறையும். உலு பெண்டுலிலிருந்து அங்சி ஏறும் குழுவுக்கு நான் சொல்வது, பள்ளத்தில் நின்று பத்து முறை கத்துவதைவிட நூறு அடி மேலே ஏறி ஒரு முறை பேசுங்கள்.

மூன்று, அறம். மலிவான பூஸ்டர் நம் அலையோடு சேர்த்து அதன் மடங்கு அலைகளையும் வெளியே விடும். 27.185 மெகாஹெர்ட்ஸின் நான்காம் மடங்கு 108.74. விமானங்கள் ஓடுபாதையைக் கண்டுபிடிக்க உதவும் வழிகாட்டி அலைகள் 108 முதல் 112 மெகாஹெர்ட்ஸ் வரை இருக்கின்றன. சிப்பாங் விமான நிலையம் நம் ஊரிலிருந்து எவ்வளவு தூரம்? வாட் மீட்டர் இதைக் காட்டிக்கொடுக்காது, நல்ல அலை, கெட்ட அலை எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டும். பூஸ்டர் போட்டதும் முள் ஏறுவதைப் பார்த்து மகிழ்கிறோமே, அந்த ஏற்றத்தில் எவ்வளவு அசுத்தம் என்று அதற்குத் தெரியாது. வரம்பைத் தாண்டுவது சட்டப்படி குற்றம். அதைவிட, சேவைக்கென்று எடுத்த கருவி முகம் தெரியாத ஒருவருக்கு இடைஞ்சல் ஆகக் கூடாது என்பதே நமக்குப் போதுமான காரணம்.

9. கிளையில் செய்ய வேண்டியது

ஒவ்வொரு கிளையும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு செட்டுக்கும் ஓர் எண் ஒட்டுங்கள். சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். முழு பேட்டரியில் எத்தனை வாட், பாதி பேட்டரியில் எத்தனை வாட், அளந்த தேதி, அளந்த மீட்டர் எல்லாவற்றையும் எழுதுங்கள். திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னால் மறுபடி அளந்து, பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். சக்தி திடீரென்று குறைந்த செட்டைப் பழுதுபார்க்க அப்போது நேரம் இருக்கும். பிறகு ஊர்வலப் பாதையில் இருவர் நடந்து, எந்த முனையில் குரல் அறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த முனையில் இடையாளாக ஒரு தொண்டூழியரை நிறுத்தினால் போதும். அதற்குக் காசும் வேண்டாம், பூஸ்டரும் வேண்டாம்.

பயிற்சி

அ) 27 மெகாஹெர்ட்ஸ் எஃப்எம் செட்டை 50 ஓம் டம்மி லோட்டில் மாட்டி டையோடு வழியாக அளந்தபோது மல்டிமீட்டர் 21.4 வோல்ட் காட்டியது. எத்தனை வாட்? சட்டத்துக்கு உட்பட்டதா?

ஆ) செட்டின் வாயில் 5 வாட், கேபிளின் மறுமுனையில் 2 வாட். கேபிளில் எத்தனை சதவீதம் போனது?

இ) முன்போவது 5 வாட், திரும்புவது 0.8 வாட். எஸ்.டபிள்யூ.ஆர். என்ன?

விடைகள்: அ) 0.6 கூட்டினால் 22 வோல்ட், 4.84 வாட். 4 வாட் வரம்பைத் தாண்டிவிட்டது. ஆ) 60 சதவீதம். கேபிளை மாற்றுங்கள், செட்டை அல்ல. இ) 0.16-இன் வர்க்கமூலம் 0.4. 1.4-ஐ 0.6-ஆல் வகுத்தால் 2.3. ஆன்டனாவையும் கனெக்டரையும் போய்ப் பாருங்கள்.